குழி இரண்டடி தூரம்தான்... ஆனால், கை கேட்கவில்லை! - பட்டரை மாற்றிப் பார்த்த கோல்ஃப் வீரர்களின் கதை

கேரம் போர்டில் காய் குழியின் வாயை ஒட்டி நிற்கிறது. ஸ்ட்ரைக்கரை லேசாகத் தட்டினால் போதும், விழுந்துவிடும். வீட்டில் இருக்கும் குட்டிப் பாப்பாகூடப் போட்டுவிடும். ஆனால், தட்டப்போகும் அந்த நொடியில் உங்கள் விரல் உங்களைக் கேட்காமலே வெடுக்கென்று துள்ளுகிறது. காய் எங்கேயோ போகிறது. அடுத்த ஆட்டத்திலும் அதே. அடுத்த வாரமும் அதே. இப்படியே பத்து வருடம் ஓடினால் எப்படி இருக்கும்?

அமெரிக்க கோல்ஃப் வீரர் லூகாஸ் குளோவருக்கு ஏறக்குறைய இதுதான் நடந்தது. சாதாரண ஆள் இல்லை அவர். 2009-ல் யு.எஸ். ஓப்பன் பட்டம் வென்றவர். பந்தை 300 கெஜம் தள்ளி நினைத்த இடத்தில் இறக்குவதில் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. கண்ணெதிரே இரண்டடியில் இருக்கும் குழிக்குள் அதே பந்தை உருட்டிவிடுவதுதான் முடியாமல் போனது. 2011-ல் ஒரு பட்டம். அடுத்த பட்டத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கை சரியாகவில்லை.

2023-ல் அவர் ஒரு முடிவெடுத்தார். கையைச் சரிசெய்யப் போராடுவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பட்டரையே மாற்றினார். மாற்றிய சில வாரங்களில் நடந்ததை கோல்ஃப் உலகம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். பட்டர் என்றதும் ரொட்டியில் தடவுவது நினைவுக்கு வரலாம். ஶ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கோயில் அர்ச்சகர் நினைவுக்கு வரலாம். இது இரண்டும் இல்லை. கோல்ஃப் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அதில் 13 மட்டைகள் பந்தைப் பறக்கவிட. மீதி ஒன்று, புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் கிரீன் என்ற பகுதியில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ள. அந்த ஒன்றுக்குத்தான் பட்டர் என்று பெயர். அதை வைத்து உருட்டுவது பட்டிங்.

உருட்டுவதுதானே என்று நினைத்துவிட வேண்டாம். கோல்ஃப் கணக்கில் 300 கெஜம் பறக்கும் அடியும் ஒரு ஷாட்தான், இரண்டடி உருளும் தட்டலும் ஒரு ஷாட்தான். 18 குழிகள் கொண்ட மைதானத்தில் பார் பெரும்பாலும் 72. அந்த 72-ல் ஒரு குழிக்கு இரண்டு என்ற கணக்கில் 36 ஷாட் பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சரிபாதி! குழியின் விட்டம் நாலேகால் இங்கிலீஷ் அங்குலம். பந்தின் விட்டம் 1.68 அங்குலம். பக்கத்தில் இருந்து பார்த்தால் வாய் அகலமான குழிதான். எட்டடி தள்ளி நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. அந்த எட்டடியில் இருந்து உலகத்தரம் வாய்ந்த தொழில்முறை வீரர்களே இரண்டுக்கு ஒன்றைத்தான் உள்ளே போடுகிறார்கள். 20 அடி என்றால் நூற்றுக்குப் பதினைந்து போட்டாலே நல்ல கணக்கு. ஆனால், மூன்றடிக்குள் வந்துவிட்டால் அவர்கள் கிட்டத்தட்டத் தவறவிடுவதே இல்லை. குளோவர் தடுமாறியது அந்த மூன்றடிக்குள்தான். சக வீரர்கள் நின்றுகூடப் பார்க்காமல் அடுத்த குழிக்கு நடக்க ஆரம்பிக்கும் தூரம் அது.

யிப்ஸ் என்ற பூதம்

இந்தக் கை துள்ளலுக்கு யிப்ஸ் என்று பெயர். 1927-ல் யு.எஸ். ஓப்பன் வென்ற டாமி ஆர்மர் வைத்த பெயர் என்பார்கள். பென் ஹோகன், சாம் ஸ்னீட் போன்ற ஜாம்பவான்களே இதில் சிக்கித் தவித்தவர்கள்தான். கோல்ஃப் வட்டாரத்தில் சிலர் இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள். நம் பாட்டிமார்கள் இரவில் பாம்பைப் 'பூச்சி' என்பார்களே, அந்த மாதிரி.

இது வெறும் பயமா, நரம்புக் கோளாறா? அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரே பெயருக்குள் இரண்டு வகை இருப்பதாகப் பிரித்தார்கள். ஒரு வகையினருக்கு அது ஃபோகல் டிஸ்டோனியா என்ற நரம்பியல் பிரச்னை. ஒரே நுணுக்கமான அசைவைப் பல்லாயிரம் முறை செய்தவர்களுக்கு, அந்த அசைவின்போது மட்டும் தசைகள் தாறுமாறாக இழுத்துக்கொள்ளும். எழுதி எழுதியே பேனாவைப் பிடித்ததும் கை முறுக்கிக்கொள்ளும் எழுத்தர்களுக்கும், சில இசைக்கலைஞர்களுக்கும் வருவது இதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறுதான். இன்னொரு வகையினருக்கு அது பதற்றம். பலருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தே இருக்கும் என்கிறார்கள்.

'ரிலாக்ஸா இரு' என்ற அறிவுரை முதல் வகைக்காரர்களுக்கு ஏன் எடுபடுவதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். மூளையில் அந்த ஓர் அசைவுக்கான பாதை கெட்டுப்போயிருக்கிறது. அதே பாதையில் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் அதே பள்ளத்தில்தான் சக்கரம் இறங்கும். ஆகவே, வேறு பாதை தேட வேண்டும். வேறு பிடி, வேறு நீளம், வேறு தசை. பட்டரை மாற்றுவது இவர்களுக்கு ஃபேஷன் இல்லை, மருந்து.

குளோவர் செய்தது அதைத்தான். வழக்கமான பட்டர் 33 முதல் 35 அங்குலம் இருக்கும். குனிந்து, இரண்டு கைகளையும் ஒன்றாகப் பிணைத்து அடிக்க வேண்டும். அவர் எடுத்தது துடைப்பக்கட்டை மாதிரி நெஞ்சு உயரத்துக்கு வரும் நீள பட்டர். இதில் ஒரு கை மேல்முனையைப் பிடித்திருக்கும். இன்னொரு கை கீழே தனியாக இருந்து, சுவர்க் கடிகாரத்தின் ஊசல் மாதிரி மெதுவாகத் தள்ளும். இரண்டு கைகளுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. முறுக்கிக்கொள்ளும் மணிக்கட்டுக்கு இங்கே பெரிதாக வேலையே இல்லை. ஆஸ்திரேலிய வீரர் ஆடம் ஸ்காட் பயன்படுத்தும் பட்டரின் அளவுகளை அப்படியே கேட்டு வாங்கித் தனக்கும் ஒன்று செய்துகொண்டார் குளோவர். யோசிக்கக்கூட இல்லை, முழு நகல்.

2023 ஆகஸ்ட். பி.ஜி.ஏ. டூரின் வருடாந்திரப் புள்ளிப்பட்டியலில் 112-வது இடத்தில் இருந்தார் குளோவர். முதல் 70 பேருக்குத்தான் பிளே ஆஃப் வாய்ப்பு. மீதம் இருந்தது விண்டம் சாம்பியன்ஷிப் என்ற ஒரே ஒரு போட்டி. அதில் மிக நன்றாக ஆடினால் உண்டு, இல்லாவிட்டால் அந்த சீசன் அத்தோடு முடிந்தது. வென்றார். 112-ல் இருந்து 49-க்குத் தாவினார். அடுத்த வாரமே மெம்ஃபிஸ் நகரில் பிளே ஆஃபின் முதல் போட்டி. பேட்ரிக் கேன்ட்லேவோடு சமநிலையாகி, கூடுதல் குழியில் அதையும் வென்றார். 4-வது இடம்! அப்போது அவருக்கு வயது 43. இரண்டு வாரங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆள்.

மெம்ஃபிஸில் அவர் ஜெயித்த விதம்தான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. மற்றவர்களைவிட நன்றாக அடித்து ஜெயிக்கவில்லை. கடைசி நாளில் பந்து தண்ணீருக்கும் ஓரப் புல்லுக்கும் போய், பாரைக் காப்பாற்றுவதற்கான நீளமான பட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போட்டு ஜெயித்தார். எந்தக் கை பத்து வருடம் கைவிட்டதோ, அதே கை.

நான்கு முறை விழுந்து எழுந்தவர்

குளோவராவது ஒருமுறை மாற்றினார். இந்த விஷயத்தில் தாத்தா ஒருவர் இருக்கிறார். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர், 1957-ல் பிறந்தவர். சிறுவயதில் கேடியாக அடுத்தவர்களின் பையைத் தூக்கி, 15 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். 18 வயதிலேயே யிப்ஸ் வந்துவிட்டது. தன் வாழ்க்கையில் நான்கு தடவை அது வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் பிடியை மாற்றினார், அல்லது பட்டரை மாற்றினார்.

வழக்கமாக வலக்கை ஆட்டக்காரருக்கு வலது கை கீழே இருக்கும். லாங்கர் முதலில் அதைத் திருப்பிப்போட்டு இடது கையைக் கீழே கொண்டுவந்தார். தூரத்து பட்டுகளுக்குப் பழைய பிடி, கிட்டத்து பட்டுகளுக்குத் தலைகீழ்ப் பிடி என்று ஒரே ஆட்டத்தில் இரண்டு பிடிகளோடு ஆடி, 1985-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். சில ஆண்டுகளில் பூதம் திரும்பி வந்தது. இந்த முறை அவர் கண்டுபிடித்தது விநோதமான பிடி. இடது கையைப் பட்டரின் தண்டில் நன்றாகக் கீழே இறக்கிப் பிடித்தார். தண்டின் மேல்பகுதி இடது முன்கையை ஒட்டி வந்தது. வலது கையால் தண்டையும் முன்கையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார். எலும்பு முறிந்த கைக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். மணிக்கட்டு அசைய வழியே இல்லை.

அந்தப் பிடியோடுதான் 1991 ரைடர் கோப்பைக்குப் போனார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் போட்டி. மூன்று நாள் ஆட்டம் முழுவதும் சுருங்கி, கடைசி ஜோடியின் கடைசிக் குழியில் லாங்கரின் ஆறடி பட்டில் வந்து நின்றது. எதிரே அமெரிக்காவின் ஹேல் இர்வின். போட்டால் கோப்பை ஐரோப்பாவிடமே இருக்கும். தவறினால் அமெரிக்காவுக்கு. பந்து குழியைக் கடந்துபோனது. கண்களை இறுக மூடி, வாய் திறந்து, முதுகு வளைந்து அவர் துடித்த அந்தப் படம் கோல்ஃப் வரலாற்றில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்குப் பிறகும் அவர் அதே பிடியோடு ஆடினார் என்பதுதான் விஷயம். 1993-ல் இரண்டாவது மாஸ்டர்ஸ் பட்டம். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்களா, முறைக்கிறார்களா என்ற கவலையே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1990-களின் பிற்பகுதியில் யிப்ஸ் மறுபடியும் எட்டிப்பார்க்க, நீள பட்டருக்கு மாறினார். இன்றுவரை அதுதான்.

இப்படியெல்லாம் ஆடலாமா?

கேள்வி நியாயமானதுதான். கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளுக்கும் இந்தக் கேள்வி அடிக்கடி வந்திருக்கிறது. 1904-ல் அமெரிக்கரான வால்டர் டிராவிஸ், தண்டு நடுவில் பொருத்தப்பட்ட ஸ்கெனெக்டடி என்ற பட்டரோடு போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். சில ஆண்டுகளில் பிரிட்டனில் அந்த வகைக்குத் தடை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது அந்தத் தடை விலக.

சாம் ஸ்னீடின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1966 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஆட்டத்தின் நடுவிலேயே கை துள்ளி, ஒரே பந்தை இரண்டு தடவை தட்டிவிட்டார். அங்கேயே, அப்போதே, இரண்டு கால்களுக்கும் நடுவில் பட்டரை வைத்துக் குரோக்கே விளையாட்டு மாதிரி முன்னோக்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். நன்றாகவும் ஆடினார். 1968 முதல் பந்து போகும் கோட்டுக்கு இருபுறமும் கால் வைத்து நின்று அடிக்கக் கூடாது என்று விதி வந்தது. மனிதர் அசரவில்லை. இரண்டு கால்களையும் ஒரே பக்கம் சேர்த்து வைத்து, பக்கவாட்டில் நின்றபடி அதே மாதிரி தள்ளினார். விதிக்குக் குறுக்கே சந்து கண்டுபிடிப்பதில் நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கே அண்ணன்.

பெரிய சண்டை நடந்தது 2011-க்குப் பிறகு. பட்டரின் மேல்முனையை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றிக்கொண்டு அடிக்கும் முறை அப்போது பரவியிருந்தது. 2011 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை கீகன் பிராட்லி அப்படி ஆடி வென்றார். 2012 யு.எஸ். ஓப்பனை வெப் சிம்ப்சன், அதே ஆண்டு பிரிட்டனின் ஓப்பனை எர்னி எல்ஸ், 2013 மாஸ்டர்ஸை ஆடம் ஸ்காட். ஆறு மேஜர் போட்டிகளில் நான்கு! பட்டரை உடம்பில் ஊன்றக் கூடாது என்று விதி திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நீள பட்டருக்குத் தடை இல்லை; ஊன்றுவதற்குத்தான் தடை. நெஞ்சில் இருந்து கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தவறில்லை.

ஊன்றுவதால் யாருக்கும் அதிகப்படியான லாபம் கிடைக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு நிரூபித்து இந்தத் தடையைக் கொண்டுவரவில்லை. மட்டையைக் கையால் சுதந்திரமாக வீசுவதுதான் கோல்ஃப் என்பது அவர்கள் வாதம். அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால், யிப்ஸால் ஆட்டத்தையே விட நினைத்தவர்களுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அது என்பதும் உண்மை. என்னைக் கேட்டால், அமெச்சூர் ஆட்டக்காரர்களையாவது விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தோஷத்துக்காக ஆடும் அறுபது வயதுக்காரர் வயிற்றில் ஊன்றினால் யாருக்கு என்ன நஷ்டம்?

தடை வந்ததும் வேறு வழிகள் வந்தன. பட்டரின் பிடியை முன்கையோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் 'ஆர்ம் லாக்' முறைக்கு மாறிய வெப் சிம்ப்சன், 2018-ல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் வென்றார். அதே முறையில் பிரைசன் டிஷாம்போ 2020 யு.எஸ். ஓப்பனை வென்றார். லாங்கர் 1990-களின் ஆரம்பத்தில் செய்து எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதன் தம்பிதான் இது.

நம்பர் ஒன்னுக்கே வந்த சிக்கல்

ஸ்காட்டி ஷெஃப்லருக்கு யிப்ஸ் எல்லாம் இல்லை. ஆனாலும், 2023-ல் அவர் நிலைமை விசித்திரமாக இருந்தது. உலகின் நம்பர் ஒன். கிரீன் வரைக்கும் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. பட்டிங் தரவரிசையிலோ 160-க்கும் கீழே. கல்யாண விருந்தில் பதினாறு வகைக் கூட்டு பொரியலும் அமிர்தமாக அமைந்து, சோறு மட்டும் குழைந்துபோன மாதிரி.

2024 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பில் பேசிக்கொண்டிருந்த சக வீரர் ரோரி மெக்கில்ராய், ஷெஃப்லர் மேலட் வகை பட்டரை முயன்று பார்த்தால் நன்றாக இருக்கும் என்றார். தனக்கு அந்த மாற்றம் பெரிதும் உதவியதாகவும், கொஞ்சம் தவறாகத் தட்டினாலும் அது பொறுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். போட்டியாளருக்கு யாராவது இப்படி இலவச ஆலோசனை தருவார்களா! அடுத்த மாதம் ஆர்னால்டு பாமர் போட்டிக்கு டெய்லர்மேட் ஸ்பைடர் என்ற மேலட்டோடு வந்தார் ஷெஃப்லர். ஐந்து ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. அடுத்த வாரம் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்; அந்தப் போட்டியின் வரலாற்றில் பட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் தக்கவைத்த முதல் ஆள் ஆனார். ஏப்ரலில் மாஸ்டர்ஸ். ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். மெக்கில்ராய் தன் வாயைத் தானே கடித்துக்கொண்டிருப்பார்.

மேலட்டில் அப்படி என்ன இருக்கிறது? பட்டர் தலையில் இரண்டு பெரிய ஜாதிகள். பிளேடு என்பது மெல்லிய, நீளவாக்கிலான பட்டை. டைகர் வுட்ஸின் 15 மேஜர் பட்டங்களில் 14 பட்டங்கள், ஸ்காட்டி கேமரான் தயாரித்த ஒரே ஒரு பிளேடு பட்டரால் வந்தவை. மேலட் என்பது பின்பக்கம் அகலமாக நீண்ட, கொஞ்சம் குண்டான தலை. ஸ்பைடர் போன்றவற்றில் எடை நடுவில் இல்லாமல் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் ஏன் நீளக் கம்பு வைத்திருக்கிறார்? எடை இரண்டு ஓரங்களிலும் விலகி இருந்தால், அந்தக் கம்பு சட்டென்று திரும்பாது, சுழலாது. அதே சூத்திரம்தான். பந்து பட்டரின் நடுவில் படாமல் அரை அங்குலம் தள்ளிப் பட்டால், பிளேடு அந்த அதிர்ச்சியில் லேசாகத் திரும்பும். பந்து வழி மாறும், வேகமும் குறையும். மேலட் அவ்வளவு திரும்பாது. அதோடு, தலை பெரிதாக இருப்பதால் மேலே கோடுகள், புள்ளிகள் போட இடம் கிடைக்கும். குறிபார்ப்பது எளிது.

ஓரத்துக்கு எடையைத் தள்ளும் இந்த யோசனையைப் பிரபலமாக்கியவர், பட்டிங் சரியாக வராத ஓர் இன்ஜினீயர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ஸ்டன் சோல்ஹைம். சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டி மாதிரி செய்து பார்த்து, 1959-ல் முதல் பட்டரைத் தயாரித்தார். பந்தில் பட்டதும் அது 'பிங்' என்று ஒலித்தது. அதுவே கம்பெனியின் பெயராகிவிட்டது. 1966-ல் அடுத்த மாடலுக்கான யோசனை தோன்றியபோது கையில் கிடைத்த இசைத்தட்டு உறையிலேயே வரைந்தார். 'ஆன்ஸர்' என்று பெயர் வைக்கச் சொன்னவர் அவர் மனைவி லூயிஸ். பட்டரில் பொறிக்க இடம் போதவில்லை என்றதும், ஆங்கில எழுத்துகளில் உச்சரிப்புக்குத் தேவைப்படாத 'டபிள்யூ'வை எடுத்துவிடச் சொன்னதும் அவரே. இன்று சந்தையில் இருக்கும் பிளேடுகளில் பெரும்பாலானவை அந்த இசைத்தட்டு உறை ஓவியத்தின் பேரப்பிள்ளைகள். டைகரின் பட்டர் உட்பட.

பெரிய தலை பட்டரை முதலில் பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். 1986 மாஸ்டர்ஸுக்கு 46 வயது ஜாக் நிக்லாஸ் ஒரு பூதாகரமான மெக்ரெகர் பட்டரோடு வந்தபோதும் அப்படித்தான். கடைசி ஒன்பது குழிகளை வெறும் 30 ஷாட்டில் முடித்து, தன் 18-வது மேஜரை அவர் தூக்கியபோது கடைக்காரர்களுக்குச் சிரிக்க நேரமில்லை. ஆர்டர் எடுக்கவே சரியாக இருந்தது.

ஆசை அறுபது நாள்

புது பட்டர் என்றால் மந்திரக்கோலா? அதுவும் இல்லை. ஷெஃப்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலட்டுக்கு மாறி இரண்டு போட்டிகளை வரிசையாக வென்ற கையோடு ஹூஸ்டனுக்குப் போனார். கடைசிக் குழியில் ஆறடிக்கும் குறைவான பட்டைப் போட்டிருந்தால் ஆட்டம் பிளே ஆஃபுக்குப் போயிருக்கும். தவறவிட்டார். அந்த ஆண்டு இறுதியில், ஒலிம்பிக் தங்கத்தையும் ஏழு பி.ஜி.ஏ. டூர் பட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டே, பிடியை மறுபடியும் மாற்றினார். சில பட்டுகளுக்கு வலது கையை நண்டுக் கொடுக்கு மாதிரி வைத்துத் தள்ளும் 'கிளா' பிடி. 2025-ல் இன்னும் இரண்டு மேஜர்கள். உச்சத்தில் இருக்கும்போதே ஒருவர் இப்படிச் சோதித்துப் பார்ப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

பட்டர் மோகம் தொற்றுநோய் மாதிரி பரவியதும் உண்டு. 2023 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில், ஒன்றாக ஆடிய விண்டம் கிளார்க், ரிக்கி ஃபௌலர் இருவர் கையிலும் ஒரே மாடல். கைதிச் சட்டை மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட, ஒடிஸி நிறுவனத்தின் ஜெயில்பேர்ட். ஃபௌலர் வைத்திருந்ததைப் பார்த்துத்தான் கிளார்க்கே அதற்கு மாறினார். கடைசியில் பட்டமும் கிளார்க்குக்கே. அடுத்த வாரம் கீகன் பிராட்லி, அதற்கடுத்த வாரம் ஃபௌலர். மூன்று வாரம், மூன்று பேர், ஒரே பட்டர்.

இப்போதைய மோகம் 'ஜீரோ டார்க்'. வீசும்போது முகம் தானாகத் திறக்கவோ மூடவோ முயலாதபடி சமன் செய்யப்பட்ட பட்டர்கள். ஓரிகான் மாகாணத்தைச் சேர்ந்த எல்.ஏ.பி. என்ற சிறிய கம்பெனி கிளப்பிவிட்டது. பார்க்க இஸ்திரிப் பெட்டியை யாரோ மிதித்துவிட்ட மாதிரி இருக்கும். குளோவர் கையில் இருந்ததும் இந்தக் கம்பெனியின் நீள வடிவம்தான். 2025 யு.எஸ். ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பான் முதல் ஆறு குழிகளில் ஐந்தில் ஷாட் இழந்தும் மீண்டு வந்து, கடைசிக் குழியில் 64 அடி தூரத்தில் இருந்து பந்தை உள்ளே உருட்டியது இதே கம்பெனி பட்டரால். அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்று இதையெல்லாம் ஒதுக்கிவிடவும் முடியாது, எல்லாவற்றுக்கும் மேடைதான் காரணம் என்று நம்பிவிடவும் முடியாது. டோக்கியோ ஒலிம்பிக் நினைவிருக்கலாம். 2021 ஆகஸ்ட் 7 அதிகாலை, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத லட்சக்கணக்கான இந்தியர்கள் எழுந்து உட்கார்ந்து அதிதி அசோக்கைப் பார்த்தோமே! மற்றவர்களைவிடப் பல கெஜம் குறைவாகவே அடித்த அவரைப் பதக்கத்துக்கு அருகே வரை கூட்டிவந்தது பட்டிங் மட்டும்தான். கடைசி பட்டும் விழுந்திருந்தால்... ஒரே ஷாட்டில் வெண்கலம் நழுவியது. கையும் கண்ணும் அமைந்தவருக்கு எந்த பட்டரும் பேசும். அமையாதவர்களுக்குத்தான் இந்தத் தேடல் எல்லாம்.

கோல்ஃப் ஆடும் வாசகர்கள், பட்டர் மாற்றும் யோசனையில் இருந்தால் கடையிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பட்டரின் தண்டை, தலைக்குச் சற்று மேலே, ஒரு விரலின் மீது கிடைமட்டமாகத் தராசு மாதிரி நிறுத்துங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் அது முகச்சமன் வகை. நேராகப் பின்னே இழுத்து நேராக முன்னே தள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒத்துவரும். நுனி கீழே தொங்கினால், கதவு மாதிரி லேசாக வளைந்து வீசுபவர்களுக்கு. கடையின் செயற்கைப் புல்லில் 20 அடி பட்டைப் போட்டுவிட்டு மயங்கி வாங்கிவிடாதீர்கள். நான்கடியில் இருந்து இருபது பந்துகளைப் போட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் அதிகம் தவறுகிறது என்று எண்ணுங்கள். பழைய பட்டரோடும் அதையே செய்யுங்கள். பர்ஸைத் திறப்பது அதற்குப் பிறகு. பழையதைத் தூக்கிப்போடவும் வேண்டாம். மோகம் முப்பது நாளில் தெளிந்ததும் தேடுவீர்கள்.

லாங்கரை விட்ட இடத்துக்கு வருவோம். சீனியர்களுக்கான டூரில் அதிகப் பட்டங்கள் என்ற சாதனை நீண்டகாலம் 45-ல் நின்றது. அந்தச் சாதனையை வைத்திருந்தவர், 1991-ல் அந்த ஆறடி பட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த அதே ஹேல் இர்வின். 2023 ஜூலையில், 65 வயதில், யு.எஸ். சீனியர் ஓப்பனை வென்று 46-க்குப் போனார் லாங்கர்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிக்கிள்பால் விளையாடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை. 66 வயதில் அப்படி ஆனால் பெரும்பாலானவர்கள் கோல்ஃப் பையைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அவர் அதே சீசனில் திரும்பி வந்தார். நவம்பரில், ஃபீனிக்ஸ் நகரில், சீசனின் கடைசிப் போட்டி, கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் இடையே சுமார் 30 அடி. நெஞ்சில் படாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நீள பட்டரால் தள்ளினார். பந்து உருண்டு உருண்டு போய் உள்ளே விழுந்தது. ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. வயது 67. பட்டம் நம்பர் 47.